பெரட்டில் வாசிக்கும் கடைசிப் பேர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்த முதல் நாள், லிந்துலைக்கு மேலே மழை தூறிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லோரும் கொழுந்துக் கூடையோடு நின்றோம். கணக்கப்பிள்ளை பத்திநாதன் வாசித்தார்.

"ராசம்மா."

எனக்குச் சத்தம் வரவில்லை. நாலு பேர் கூடினால் எனக்கு எப்போதும் இப்படித்தான்.

"இருக்காங்கய்யா," என்றாள் அக்கா அழகம்மா. "வாயத்தான் லயத்து வீட்டுல வச்சிட்டு வந்துட்டா."

பெண்கள் சிரித்தார்கள். பத்திநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"றோலண்ட்."

சிரிப்பு நின்றது.

அது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மகன் பேர். உலகச் சண்டைக் காலத்தில் குண்டு போடும் விமானத்தில் வழி சொல்பவனாக இருந்தானாம். இருபது வயது. பனியில் வழி தப்பி விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் மலையில், பள்ளத்தின் ஓரத்தில், துரை அவனுக்குக் கல் நட்டிருந்தார். செத்த நாளன்று வருடாவருடம் அவன் பேரையும் வாசிக்க வேண்டும். யாரும் பதில் சொல்வதில்லை. துரை போகச் சொல்லும்வரை நனைந்துகொண்டே நிற்பார்கள்.

அன்று வெகுநேரம் நின்றோம். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். துரை பிரம்பால் தட்டி எழுப்பினார்.

அக்கா என் காதில் கிசுகிசுத்தாள். "பாவம், இவனும் உன்னைய மாதிரி வாயில்லாப் பூச்சி போல. நானே சொல்லிர்றேன்."

"இருக்காருங்கய்யா."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

துரை சிரித்தார். பன்னிரண்டு வருடமாக இதற்கே காத்திருந்தவர் போல.

"பேர் எழுது," என்றார். "இந்தப் பொம்பள ஒன்பதாம் நம்பர்."

"தொரை, அங்க பனிங்க..." என்றார் பத்திநாதன்.

"எழுது."

நானும் அக்காவின் பின்னால் ஏறினேன். பாதி வழியில் பனி மூடியது. நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. எண்ணெய் கருகும் வாடை வந்தது. தலைக்கு மேலே எங்கேயோ ஓர் இரைச்சல்.

பிறகு ஒரு இளம் குரல். மிகப் பொறுமையாக.

"லெஃப்ட்... லெஃப்ட்..."

பள்ளிக்கூட டிரில்லில் கேட்ட சொல்.

பனி கிழிந்த இடத்தில் அக்கா தெரிந்தாள். கண்ணை மூடியிருந்தாள். குரல் சொன்னபடி இடப்பக்கம் திரும்பினாள். முன்னால் மூன்றடியில் பள்ளம்.

ஒரே ஒரு தடவை அக்கா என்று கத்தினால் போதும்.

வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது.

"ஸ்டெடி," என்றது குரல். அக்கா நேரே காலை வைத்தாள்.

பள்ளத்திலிருந்து அவள் உடலைத் தூக்கி வந்தபோது சேலை முழுக்க உப்புப் பூத்திருந்தது. எங்கள் லயத்தில் யாரும் கடலைப் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் அதே நாள். துரை என் எதிரிலேயே வந்து நின்றார். பத்திநாதன் வாசித்தார்.

"ராசம்மா."

"இருக்காங்கய்யா."

நான் சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஈரமாக, அக்கா சொன்னாள். பத்திநாதன் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்.

"றோலண்ட்."

காதோரம் உப்பு வாடை.

"எத்தன நாளைக்கு நானே சொல்றது? நீ சொல்லு, ராசு."

பல்லைக் கடித்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன்.

விரல்களுக்கு நடுவே, களம் முழுக்கக் கேட்கும்படி, என் குரல் வந்தது.

"இருக்காருங்கய்யா."

"பேர் எழுது," என்றார் துரை.