சைப்ரஸ் மரத்துக்கு ஒட்டு

சிட்டு வீட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற சைப்ரஸ் மரம்தான் அப்பாவின் பெருமை. மடக்கிய பச்சைக் குடையை நட்டு வைத்ததுபோல் நெட்டுக்குத்தலாக நிற்கும். கோடையோ குளிரோ, இலை உதிராது. பஸ் ஓட்டிவிட்டு வீடு திரும்பும் அப்பா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்.

அந்த மரத்தின் ஒரு பக்கம் பழுப்பாகிவிட்டது.

"எல்லாம் அந்த நாய் பண்ற வேலை!" என்று அப்பா குதித்தார். "தினம் வந்து காலைத் தூக்கிட்டுப் போகுது!"

அந்த நாய் என்றால், பக்கத்து வீட்டுத் தையல்கார மாமா வளர்க்கும் 'கட்டை'. அப்பா போய்ச் சத்தம் போட்டார். மாமா முகம் சுருங்கிப்போனது. கட்டையைச் சங்கிலியில் கட்டினார். அது நாள் முழுக்க ஊளையிட்டது.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிட்டுவால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மரத்தின் பக்கத்தில் போய் நின்றாள். பழுப்புத் திட்டு அவள் முழங்காலுக்கும் மேலே இருந்தது. கட்டையோ வயிறு தரையில் உரசாத குறையாக நடக்கும் நாய்.

"எகிறிக் குதிச்சாக்கூட அதுக்கு எட்டாதே!"

மறுநாள் காலையில் ஜன்னலோரம் காத்திருந்தாள். அவளுடைய நான்கு வயதுத் தம்பி பொடியன் மெதுவாக வெளியே வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மரத்தின் முன்னால் நின்று டிராயரை இறக்கினான்.

"டேய்! என்னடா பண்றே?"

"தண்ணி ஊத்தறேன்க்கா."

"இதுவாடா தண்ணி?"

"தினமும் தண்ணி ஊத்தணும்னு அப்பாதானே சொன்னாரு? வாளியை என்னால தூக்க முடியல. அதான்..."

சிட்டுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் பொடியனின் உதடு பிதுங்கியது.

"அப்பா என்னையும் சங்கிலியில கட்டிடுவாராக்கா?"

அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "மாட்டாருடா. ஆனா நீ பண்ணதுக்குக் கட்டை மாட்டிக்கிட்டு நிக்குது, பாவம். வா, ரெண்டு பேருமா சேர்ந்து சொல்லிடலாம்."

சொன்னார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே அந்த மனுஷன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"நாங்களும் கூட வர்றோம்ப்பா" என்றாள் சிட்டு.

தையல்கார மாமா ஒரு பேன்ட்டின் கிழிந்த முழங்காலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"தப்பு எங்க பக்கம்தாங்க. அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க."

விஷயத்தைக் கேட்டதும் மாமா கண்ணாடியை இறக்கிப் பொடியனைப் பார்த்தார். "ஓகோ! அந்த ஆசாமி நீதானா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து போய்ச் சங்கிலியை அவிழ்த்தார். கட்டை பாய்ந்து வந்து பொடியனின் மூக்கை நக்கியது.

"மரம்தான் போச்சு" என்று அப்பா பெருமூச்சு விட்டார். "காஞ்ச இடத்துல இது மறுபடி துளிர்க்காது. வெட்டினா பெரிய ஓட்டையாத் தெரியும்."

சிட்டு, மெஷினில் இருந்த பேன்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மரத்துக்கு ஒட்டுப் போட முடியாதா?"

"மரத்துக்கா?"

"பக்கத்துல இருக்கிற பச்சைக் கிளைங்களை இழுத்து, அந்த இடத்தை மூடிக் கட்டிட்டா?"

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா ஒரு பச்சைத் துணியை நீள நீளமாகக் கிழித்தார்.

அப்பா காய்ந்த குச்சிகளை மட்டும் நறுக்கினார். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு மண்ணை நன்றாக அலசினார். மாமா கிளைகளை வளைத்துப் பிடிக்க, சிட்டு அவை இறுகிவிடாமல் தளர்வாகக் கட்டினாள். பொடியனுக்கு ஒரு சின்னக் குவளை கிடைத்தது.

"குழாய்த் தண்ணி மட்டும்தான்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த ஆண்டு மழை ஓய்வதற்குள் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. துணிகளை அவிழ்த்த அன்று, திட்டு எந்த இடத்தில் இருந்தது என்று அப்பாவாலேயே காட்ட முடியவில்லை.