மஞ்சள் டேப்பைத் தாண்டிய ஸ்பீக்கர்

காலை 9.10. பூட்டு உடையலை, அந்த ரூமுக்கு ஜன்னலும் கிடையாது. ஆனா ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். போன மாசம் செத்துப்போன பாடகியோட கடைசிப் பாட்டு அதுலதான் இருந்துச்சு. வேற நகல் இல்லை. மதியம் ஒப்படைச்சாகணும்.

சாவி ரெண்டே பேர்கிட்ட. ஒருத்தர் அவ புருஷன், ஸ்டுடியோக்காரர். இன்னொருத்தர் அவ அண்ணன், குரலையும் வாத்தியத்தையும் ரெண்டு ஸ்பீக்கருக்கும் அளவாப் பிரிச்சுப் பாட்டை மிக்ஸ் பண்றவர். நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் உள்ள கால் வைக்கலைன்னு ரெண்டு பேருமே சாதிச்சாங்க.

இன்ஸ்பெக்டரம்மா தரையைப் பார்த்தாங்க. மூணு மஞ்சள் டேப்பு: ரெண்டு ஸ்பீக்கருக்கு, ஒண்ணு நாற்காலிக்கு. நாற்காலிக்கு வலப்பக்கம் காலியா ஒரு ஸ்டூல்.

டேப்பு எதுக்குன்னு ஸ்டுடியோக்காரர் விளக்கினார். சின்ன ரூம்ல தள்ளி உக்காந்தா, எதிரொலியில ஸ்பீக்கரைவிட சுவரு அதிகமாப் பேசுமாம். அதனால கிட்டவே உக்காரணும். ஸ்பீக்கர் ரெண்டும் தலையும் ஒண்ணுக்கொண்ணு சரியா மூணடி. ஒரு விரக்கடை நகர்ந்தாலும் மச்சான் சாமியாடிடுவாராம்.

இன்ஸ்பெக்டரம்மா அளந்து பார்த்தாங்க. நாற்காலிக்கும் வலது ஸ்பீக்கருக்கும் மூணடி. இடதுக்கு ஒண்ணரைதான்.

"நேத்து நான் பூட்டுறப்ப டேப்புலதான் இருந்துச்சு"ன்னு முழிச்சார் ஸ்டுடியோக்காரர்.

9.40. அண்ணன் வாசல்ல ஃபோன் பேசிட்டிருந்தார். வலது கையில பிடிச்ச ஃபோன், ஆனா இடது காதுல. பேசி முடிச்சதும் இன்ஸ்பெக்டரம்மா அவருக்கு வலப்பக்கம் போய் நின்னு, டிஸ்க் எங்கன்னு மெதுவாக் கேட்டாங்க. கண்ணுகூட அசையலை. இடப்பக்கம் வந்து அதையே கேட்டாங்க. தூக்கிவாரிப் போட்டுச்சு அவருக்கு.

"திருட வந்தவன் உக்காந்து பாட்டு கேக்க மாட்டான். தொழில் தெரிஞ்சவங்க டேப்பைத் தாண்ட மாட்டாங்க. இடது காதை மட்டும் நம்புறவர்தான் அந்த ஸ்பீக்கரைக் கிட்ட இழுப்பார். எடுத்தது நீங்கதான் சார்."

அண்ணன் தன் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து ஸ்டுடியோக்காரர் கையில வச்சார்.

"வலது காது போய் ரெண்டு வருஷம், மாப்ள. அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, தோளைத் தட்டித் தட்டித் திருத்துவா. இந்த மிக்ஸ் ஒண்ணுதான் அவ இல்லாம நான் பண்ணது. காலையில வந்து எத்தனையோ தடவை கேட்டேன். சரியா தப்பான்னே புரியலை. கொடுத்தா, அவ கடைசிப் பாட்டை நானே கெடுத்த மாதிரி ஆயிடும்."

ஸ்டுடியோக்காரர் ஸ்பீக்கரை டேப்புக்குத் தள்ளி வச்சு, மச்சானை நாற்காலியில உக்கார வச்சுப் பாட்டைப் போட்டார்.

குரல் நடுவுல வரலை. வலப்பக்கம் சாஞ்சு, அந்தக் காலி ஸ்டூல் பக்கமே நின்னுச்சு.

இன்ஸ்பெக்டரம்மா நோட்டை மூடினாங்க.

ஸ்டுடியோக்காரர் போய் அந்த ஸ்டூல்ல உக்காந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் அண்ணனோட தோளைத் தட்டி, அவர் திரும்புற வரைக்கும் காத்திருந்து சொன்னார்:

"வலப்பக்கம் கூடிப்போச்சு, மச்சான்."