சின்னுசாமி சொன்ன உறுதியான டீம்

பந்தய உலகப் பெருமக்கள் அனைவருக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவிப்பது என்னவென்றால்: கிரிக்கெட், கபடி முதலான சகல ஆட்டங்களுக்கும் காலமெல்லாம் ஒரு பைசா வாங்காமல் டிப்ஸ் வழங்கிவந்த எடப்பாடி சின்னுசாமி, தாம் இறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக அந்தச் சேவையை நிறுத்துவதாக இல்லை.

எந்த டீம் ஜெயிக்கும் என்று காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். சாயங்காலத்துக்குள் அது தோற்றுவிடும். இலவசமாகச் சொல்கிற மனிதரிடம் கணக்குக் கேட்பது மரியாதையில்லை என்று யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் டாஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அந்த டாஸையும் தப்பாகத்தான் சொல்லியிருந்தார்.

கருமாதியன்று மதியம் மச்சினன் அன்பழகன் தன் மனைவி தீபிகாவோடு வந்து இறங்கினான். அவனிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு விசைத்தறி. மற்றவையெல்லாம் மாமாவின் டிப்ஸை நம்பிப் போயிருந்தன.

செத்தவருக்குப் பிடித்ததை இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது வழக்கம். மற்ற வீடுகளில் சுருட்டோ கறிக்குழம்போ வைப்பார்கள். சின்னுசாமியின் மனைவி ஆத்தாயி, நெய்ச்சோற்றுக்குப் பக்கத்தில் அவருடைய செல்லை வைத்தாள். சார்ஜ் ஏற்றி.

"சிம்மைத்தான் அன்னைக்கே கழட்டிப் போட்டாச்சே, இதெதுக்குக்கா?" என்றான் அன்பழகன்.

"என்னையப் பாத்ததவிட இதைத்தான் அதிகமாப் பாத்தாரு, சாமி. இருந்துட்டுப் போவுது."

கதவு சாத்தப்பட்டது.

வெளியே வெயில். கரண்ட் போயிருந்ததால் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை கசிந்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை. அவர் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வெளியே யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அந்தச் சத்தம். கட்டைவிரல் நகம் கண்ணாடியில் படும் சத்தம். டிக். டிக். நின்றது, யோசிப்பதுபோல. மறுபடி டிக்.

அன்பழகனின் சட்டைப்பையில் செல் அதிர்ந்தது.

குரூப்பில் சின்னுசாமியின் பெயரில் ஒரு வரி: "நாளைக்குக் கபடி ஃபைனல். கெங்கவல்லி. உறுதி."

கதவைத் திறந்தார்கள். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. செல் திரையில் மட்டும் நெய் படிந்த கட்டைவிரல் ரேகை.

ஆத்தாயி அழவில்லை. "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டாரு," என்றாள்.

அன்பழகனுக்குப் பயம் வரவில்லை. பயம் வந்திருக்க வேண்டிய இடத்தில் மரத்துப்போன ஒரு தெளிவு வந்தது.

"செத்தவங்களுக்கு நாளைக்கு நடக்கறது இன்னைக்கே தெரியும் புள்ள," என்றான் தீபிகாவிடம்.

"உசுரோட இருக்கறப்பத் தெரியாதது செத்தா மட்டும் தெரிஞ்சுருமாங்க? அங்க என்ன டியூசனா வெக்கறாங்க?"

"மெதுவாப் பேசு. கேட்டுருவாரு."

"கேக்கட்டும். ஏனுங்க, அந்த ஒத்தத் தறியிலதான் நம்ம அடுப்பு எரியுது. அதுல கை வெக்காதீங்க."

அவன் வைத்தான்.

கெங்கவல்லி முதல் பாதியிலேயே தோற்றுவிட்டது. இரண்டாம் பாதியை மரியாதைக்காக ஆடினார்கள்.

மறுநாள் ஒரு டெம்போ வந்து தறியை ஏற்றிக்கொண்டு போனது. தீபிகா அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அன்பழகன் காலியான தறிக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். பட்டப்பகல். தரையில் போல்ட்டுகளைப் பிடுங்கிய குழிகள், அவற்றைச் சுற்றிப் பஞ்சுத் தூசி. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கைகால்கள் வேறு யாருடையதோ போலக் கிடந்தன.

தைல வாசனை வந்தது.

பஞ்சுத் தூசியில் ஒரு பாதம் பதிந்தது. ஆளில்லை, பாதம் மட்டும்.

அடுத்தது இன்னும் பக்கத்தில்.

காதோரம் குளிர்ந்த மூச்சு பட்டது.

"மாப்ள."

அவன் திரும்பவில்லை.

"ஊடு இன்னும் உம்பேர்லதான இருக்குது?"

எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தது. கால்களுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு ஒரு மேட்ச். உறுதி."

அன்பழகன் வாயைத் திறந்தான். அலறத்தான் திறந்தான்.

"எந்த டீமுங்க மாமா?"

அதுவும் தோற்றது.