ஏசி மட்டும் குளிர்ந்தது!

ட்ரிங்... ட்ரிங்...!

பசியாற உட்கார்ந்த ஜாஃபர் சாதிக் எழுந்து போய் போனை எடுத்தான்.

"நன்னிலம் ரோட்லேர்ந்து எஸ்.ஐ. பேசுறேன். ஒரு வெள்ளை மாருதி. 'வாடகைக்கு'ன்னு போட்டு கண்ணாடியில இந்த நம்பர் ஒட்டியிருக்கு. உன்னோடதா?"

"ஆமா சார். வாசல்லதான் நிக்குது..."

எட்டிப் பார்த்தான்.

வாசல் காலி!

"கார் இங்க நிக்குது. முன்னால ஒரு பெரியவர் கிடக்கார். பேச்சு மூச்சில்ல. உடனே வா!"

ஜாஃபர் சட்டையை மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் விஷயத்தைச் சொன்னான்.

குவைத்தில் செங்கல் சுமந்து வாங்கிய பழைய கார். அது ஓடினால்தான் பிழைப்பு. இல்லையென்றால் மறுபடி குவைத்... மறுபடி செங்கல்!

"கார் வாங்கும்போது ஏசி குளிருதான்னு தடவித் தடவிப் பார்த்தீங்க!" மனைவி அனீஸா பொரிந்தாள். "இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டீங்களா?"

"குவைத்துல எல்லாரும் ஏசியத்தான்டி பார்ப்பாங்க!"

"இது குவைத்தா?"

ஜாஃபர் வெளியே ஓடினான். கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

ரோடு முழுக்க உளுந்துச் செடி. போகிற வண்டிகள் மிதித்துக் காய் உடையட்டும் என்று பரப்பியது. மெதுவாகப் போகிற வண்டிக்கு ஒன்றும் ஆகாது. பறந்து வந்த மாருதியின் சக்கரங்களில் செடி சுற்றி இறுக்கி, கார் முடங்கிக் கிடந்தது.

முன்னால், உளுந்துக் குவியலில்... மல்லாந்து கிடந்தார் உளுந்துக்காரர் வேம்பு!

பக்கத்தில் புரோக்கர் பஞ்சநதம். காரை விற்ற அதே ஆள்!

"ஏன்யா, வித்த காரையே திருடுவியா?" ஜாஃபர் பாய்ந்தான்.

பஞ்சநதம் சிரித்தான்.

"ஆர்.சி. புக்குல இன்னும் என் பேருதான் தம்பி. என் காரை நான் எடுத்தேன். திருட்டாமே, திருட்டு!"

ஜாஃபர் தலையில் அடித்துக்கொண்டான். 'பேரை அப்புறம் மாத்திக்கலாம், அவசரமில்ல' என்று சொன்னதும் இதே வாய்தான்!

எஸ்.ஐ. குனிந்து வேம்புவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார். பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார்.

"கார் உன்னோடதுதானே?"

"சத்தியமா சார்!"

"அப்ப கேசும் உன்னோடது. ஆள் முடிஞ்சாச்சு. ஏறுய்யா ஜீப்புல!"

பஞ்சநதத்தின் சிரிப்பு செத்தது.

"அய்யோ சார்! கார் இவனோடது! முழுப் பணமும் வாங்கிட்டேன்! ஒரு சாவியை வெச்சிருந்து எடுத்துட்டு வந்தது மட்டும்தான் சார் என் தப்பு. பிரேக்கே பிடிக்கல!"

"எல்லாரும் கேட்டீங்கள்ல?" எஸ்.ஐ. விலங்கை மாட்டினார்.

அப்போது...

"ஹச்!"

பிணம் தும்மியது!

"உண்மை வந்தாச்சு, நடிச்சது போதும் பெரியவரே!" என்று எஸ்.ஐ. கண்ணடித்தார்.

வேம்பு எழுந்து வேட்டியில் ஒட்டிய சருகைத் தட்டினார். ஜாஃபரை முறைத்தார்.

"அடுத்த வாட்டி கார் வாங்குனா பிரேக்கைப் பாரு தம்பி. ஒவ்வொரு வாட்டியும் நான் சாக முடியாது!"