இரண்டாம் வரிசை, நான்காம் கட்டம்

பள்ளிக்கூட வேனை நிழலில் நிறுத்திவிட்டு மச்சான் கடைக்குள் நுழைந்தபோது, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தை அவர் தன்னை மச்சான் என்று கூப்பிடுகிற அக்கா புருஷனின் கடையில்தான் கழிப்பார். அக்கா புருஷன் கேம் ஆடுகிற ஜாய்ஸ்டிக்குகளைப் பழுது பார்ப்பவர். இருபது வருஷம் போட்டிகளில் தீர்ப்புச் சொன்னதால் எல்லோரும் அவரை நடுவர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். போட்டிகளை விட்ட பிறகும் வழக்குகள் அவரை விடவில்லை.

"பன்னெண்டு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க சார்," என்றாள் அந்தப் பெண். "நான் இல்லைன்னு அதுக்குள்ள காட்ட முடியலேன்னா வேலை போயிடும். வேலை போனாக்கூடப் பரவாயில்ல, வேற தேடிக்கலாம். நான்தான் செஞ்சேன்னு முத்திரை குத்திடுவாங்களே, அதுக்கப்புறம் எவன் சேர்ப்பான்?"

"மணி ஒன்பதரைதான் ஆகுது. மெதுவாச் சொல்லுங்கம்மா," என்றார் நடுவர்.

அவள் கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில், எந்தெந்த வீரர்களைச் சேர்ப்பது என்று பார்க்கிற தேர்வாளர். பேர் பெற்ற இரண்டு பழைய கேம்கள் உண்டு, எஃகு நகரம் ஒன்று, மழைத்தீவு இன்னொன்று. இரண்டின் வீரர்களையும் ஒரே மேடையில் மோதவிடும் புதிய விளையாட்டை அவள் கம்பெனி செய்துகொண்டிருந்தது. மொத்தம் இருபத்துநான்கு இடம். எந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்று இரண்டு தரப்பு ரசிகர்களும் வருஷக்கணக்காக ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். பட்டியலை அடுத்த மாதம்தான் அறிவிப்பதாக இருந்தது. அதற்குள் போன வெள்ளிக்கிழமை யாரோ திரையைப் படம் பிடித்து வெளியே விட்டுவிட்டார்கள்.

"மழைத்தீவு ஓடக்காரி அதுல இல்ல சார். அவளுக்குப் பதிலா எஃகு நகரத்துத் தகரக்கோழி இருக்கு."

"தகரக்கோழியா?" மச்சானுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்காதீங்க சார். கோழியை நான்தான் போட்டேன்னு என் வீட்டுக் கதவுல கறுப்புப் பெயிண்டை ஊத்திட்டுப் போயிருக்காங்க. என் பொண்ணு பயந்துக்கிட்டு மூணு நாளாப் பள்ளிக்கூடம் போகல."

மச்சானுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வேனில் ஒரு குழந்தை இரண்டு நாள் வராவிட்டாலே வீட்டுக்குப் போன் செய்து விசாரிக்கிற ஆள் அவர்.

"கோழியை நீங்கதான் தேர்ந்தெடுத்தீங்களா?" என்று கேட்டார் நடுவர்.

"ஓடக்காரிதான் வேணும்னு மூணு கூட்டத்துல சண்டை போட்டேன் சார். எங்க கம்பெனி மேடம் ஒத்துக்கல. கோழி பொம்மை நல்லா விக்குமாம். முடிவு எதுவானாலும் எல்லாரும் சேர்ந்து எடுத்ததுன்னுதான் வெளியில சொல்லணும், அப்படின்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. வீட்டுல கூட நான் மூச்சு விடல. இப்ப என்னடான்னா, ஓடக்காரி மேல இருக்கிற பாசத்துல நானே படத்தை வெளிய விட்டுட்டேன்னு மேடம் சொல்றாங்க."

வெளியே இருப்பவர்கள் ஓடக்காரியை ஒழித்துவிட்டாள் என்று திட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் ஓடக்காரிக்காகத் துரோகம் செய்துவிட்டாள் என்கிறார்கள். இப்படியும் ஒரு அநியாயம் உண்டா என்று மச்சானுக்கு வயிறு எரிந்தது.

நடுவர் அவள் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம். மெஷின் எண்ணும் தேதியும் தெரியாதபடி நாலு ஓரங்களையும் கவனமாக வெட்டியிருந்தார்கள். இரண்டாம் வரிசை நான்காம் கட்டத்தில் தகரக்கோழி அசட்டுத்தனமாக விழித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு சிவப்புச் சட்டம்.

"இந்தச் சிவப்புச் சட்டம் தானா அங்க வந்து நிக்குமா?"

"இல்ல சார். மெஷினைப் போட்டதும் முதல் வரிசை முதல் கட்டத்துல நிக்கும். ஸ்டிக்கை வெச்சு நாமதான் நகர்த்தணும்."

"சோதனை அறைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, ஓவியர்கிட்ட, கேமை ஆடிச் சோதிக்கிற டெஸ்டர்கிட்ட. நாங்க மூணு பேரும் அந்த வாரம் தனித்தனியா உள்ள போயிருக்கோம்." அவள் சற்றுத் தயங்கினாள். "டெஸ்டர் என் சொந்தத் தம்பி சார். நான்தான் சேர்த்துவிட்டேன். ஆனா அவன் செஞ்சிருக்க மாட்டான். அவன் எஃகு நகரத்து ஆளு. அதுல வர்ற கொல்லனை வெச்சு ஆடித்தான் கப்பெல்லாம் ஜெயிச்சான். ஓடக்காரின்னாலே கேலி பண்ணுவான்."

மூன்று பேரும் பள்ளிக்கூட வேனிலேயே கம்பெனிக்குப் புறப்பட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க நடுவர் உட்கார்ந்திருந்தார். வழி நெடுக மச்சான் அவர் காதைக் கடித்துக்கொண்டே வந்தார். "மாமா, ஓவியர்தான். கோழியை வரைஞ்ச பெருமையைக் காட்டத்தான் சிவப்புச் சட்டத்தை அது மேல வெச்சுப் படம் எடுத்திருக்கார். இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?"

"மேல யோசிக்கத்தானே போறோம் மச்சான். ரோட்டைப் பாருங்க."

சோதனை அறையில் இருந்த ஓவியர் விரல் நுனிகளில் மை படிந்த ஒரு மெலிந்த மனிதர். கோழியை வரைந்த பெருமையைப் பற்றி மச்சான் ஆரம்பித்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெருமையா? அதை வரையச் சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. எட்டு மாசம் அந்தக் கட்டத்துல ஓடக்காரிதான் இருந்தா. பழைய மழைத்தீவுலயும் அவளுக்கு அதுதான் இடம். கடைசி நேரத்துல அவளைத் தூக்கிட்டு அதே இடத்துல கோழியை உட்கார வெச்சாங்க. மத்தவங்களை மாத்தி அடுக்கக்கூட நேரம் இல்ல."

"நீங்க ஆடுவீங்களா?"

"எனக்கு ஆட்டம் சுட்டுப்போட்டாலும் வராது. திரைக்குக் கீழே குலுக்கல்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்குவேன். எவன் வர்றானோ அவன் நடையையும் சட்டையையும் பார்த்துட்டு எழுந்து போயிடுவேன்."

நடுவர் தேர்வாளர் பக்கம் திரும்பி, ஓர் ஆட்டம் தொடங்கிக் காட்டச் சொன்னார். அவள் ஸ்டிக்கைக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள். சட்டத்தை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்து, கொல்லனைக் கண்டுபிடிக்கவே அரை நிமிஷம் ஆயிற்று. "எனக்கு இவங்க கதையெல்லாம் தலைகீழாத் தெரியும் சார், ஆனா ஆட வராது," என்றாள் வெட்கத்தோடு.

அப்போது அவள் தம்பி வந்தான். முப்பது வயதிருக்கும். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. தோளில் தொங்கிய பையிலிருந்து தன் வீட்டு ஸ்டிக்கை எடுத்து மேஜையில் வைத்து மெஷினோடு இணைத்தான். கம்பெனி ஸ்டிக்கைக் கம்பெனி வேலைக்குத்தான் தொடுவானாம். தனக்கென்று ஆட இது ஒன்றுதான், பதினைந்து வருஷமாகக் கூடவே இருக்கிறதாம்.

"கொல்லன் ஆடுறது கஷ்டமோ தம்பி?" என்று நடுவர் பேச்சுக் கொடுத்தார்.

"கொல்லன்னா சும்மாவா சார்? சுத்தியல் வீச ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்கை முழு வட்டம் அடிக்கணும். ஓடக்காரி மாதிரி இடம், வலம், இடம், வலம்னு துடுப்பு போட்டாப் போதுமா?" திரையைப் பார்க்காமலே பேசிக்கொண்டு கையை ஓர் இழுப்பு இழுத்தான். சட்டம் கொல்லன் மேல் போய் நின்றது.

"ஸ்டிக் கொஞ்சம் இழுக்குதே. துடைச்சுத் தரட்டுமா?"

நடுவர் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து அடிமூடியைக் கழற்றினார். உள்ளே ஸ்டிக்கின் தண்டைச் சுற்றி ஒரு தகடு. அதன் இடது விளிம்பும் வலது விளிம்பும் தேய்ந்து பளபளவென்று பள்ளம் விழுந்திருந்தன. மேலும் கீழும் மூலைகளும் புதுசு போல இருந்தன. எட்டிப் பார்த்த மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவர் துடைத்து மூடிக் கொடுத்துவிட்டு, "மேடத்தைப் பார்க்கலாம்," என்றார். ஆனால் அவர் குரல் சற்று இறங்கிப்போனதை மச்சான் கவனித்தார். விஷயம் கிடைத்துவிட்டது, கிடைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

பன்னிரண்டு மணிக்கு மேடத்தின் அறையில் எல்லோரும் கூடினார்கள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சுருக்கமாச் சொல்லுங்க," என்றார்.

"சுருக்கம்தாம்மா. இந்தப் படத்துல நாலு ஓரத்தையும் வெட்டின ஆள் ரொம்ப ஜாக்கிரதையான ஆள். அப்படிப்பட்டவர் இந்தச் சிவப்புச் சட்டத்தை மட்டும் ஏன் விட்டு வெச்சார்?"

"கோழியைக் காட்டுறதுக்குத்தான்," என்றார் மச்சான், விட்டுக்கொடுக்காமல்.

"அப்படி எனக்குத் தோணல மச்சான். சட்டம் இருக்கிறதே அவருக்கு உறைக்கல. ஏன்னா அதை நகர்த்தினது அவர் இல்ல, அவர் கை. கீழே ஒண்ணு, வலது பக்கம் மூணு. வருஷக்கணக்கா ஓடக்காரி உட்கார்ந்திருந்த இடம் அது. மெஷினைப் போட்டதும் கை பழக்கத்துல அங்க போயிடுச்சு. நிமிர்ந்து பார்த்தா அவ இல்ல, கோழி இருக்கு. அந்த ஆத்திரத்துலயே படத்தை எடுத்துட்டார். தன் கை எங்க நிக்குதுன்னு யாரும் பார்க்க மாட்டோமே."

"அப்ப ஓடக்காரி மேல பைத்தியமா இருக்கிறவங்கதான். நான் சொன்னதும் அதுதானே?" மேடம் தேர்வாளரை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவங்களுக்கு ஓடக்காரியைப் பிடிக்கும், ஆடத் தெரியாது. கொல்லனைத் தேடவே அரை நிமிஷம் ஆச்சு. பட்டியல் இவங்க மேஜையிலேயே இருக்கு, திரையைப் படம் எடுக்க அவசியமும் இல்ல. ஓவியர் குலுக்கலைத் தவிர எதையும் தொடுறதில்ல. பார்க்காம எடுக்கிற கை இங்க ஒண்ணே ஒண்ணுதான்."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "நானா? நான் கொல்லன் ஆடுறவன்னு ஊருக்கே தெரியுமே சார்."

"கப்புக்காகக் கொல்லன். வீட்டுல யாரு? கொல்லன்னா முழு வட்டம் அடிக்கணும்னு நீங்களே சொன்னீங்க. அப்படி ஆடினா தகடு சுத்திலும் தேயணும். உங்க தகடு இடமும் வலமும் மட்டும்தான் தேய்ஞ்சிருக்கு. பதினஞ்சு வருஷம் துடுப்புதான் போட்டிருக்கீங்க தம்பி."

"தேய்ஞ்ச தகடு ஒரு சாட்சியா?" அவன் எழுந்துவிட்டான்.

"இல்லதான்," என்று நடுவர் ஒப்புக்கொண்டார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. ஓடக்காரியைத் தூக்கக் கூடாதுன்னு மூணு கூட்டத்துல சண்டை போட்டது யாரு?"

"அது வெளியில சொல்ற விஷயம் இல்ல."

"இவங்க கதவுல பெயிண்ட் ஊத்தியாச்சும்மா. இன்னும் என்ன உள்ளே, வெளியே?"

மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டார். "இவங்கதான். விட்டா என் மேஜையையே உடைச்சிருப்பாங்க. கோழி என்னோட முடிவு."

தம்பி மெல்லத் திரும்பித் தன் அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போவதை மச்சான் கண்ணால் பார்த்தார். பார்த்திருக்கவே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

"நீதான் அவளைத் தூக்கிட்டேன்னு நினைச்சேன்கா," என்றான். "ஓடக்காரி கதையை எனக்குச் சொன்னதே நீதானே. தினம் அவளைத்தான் ஆடுவேன், யாருக்கும் தெரியாது, எங்க எஃகு நகரத்துக் கூட்டத்துக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க. அன்னிக்கு அந்த இடத்துல கோழியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. படத்தைப் போட்டேன். முதல் ஆளா உன் பேரைப் போட்டுத் திட்டினதும் நான்தான்."

"என் பேரை நீ போட்டியா?" என்றாள் அவள். அழுகை எல்லாம் நின்றுபோயிருந்தது.

"பேரு மட்டும்தான்கா. விலாசம் நான் குடுக்கல, சத்தியமா. பெயிண்ட் ஊத்தினப்பவே சொல்லணும்னு நினைச்சேன். பயமா இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான், ஆனாலும் சொல்லவில்லை. "மாட்டேன். கையெழுத்துப் போட்டிருந்தேன்."

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தம்பி அன்றோடு நின்றுகொள்ளலாம் என்றார். செய்தது யார் என்று சாயங்காலமே அவன் பேரோடு அறிவித்துவிடலாம், தேர்வாளர் மேல் உள்ள கெட்ட பேர் அதோடு போய்விடும் என்றும் சொன்னார்.

"அவன் பேரைப் போட வேண்டாம் மேடம்," என்றாள் அவள். "என் வீட்டுக்கு வந்தவங்க அவன் வீட்டுக்கும் வருவாங்க. அங்க எங்க அம்மா தனியா இருக்காங்க. கோழி உங்க முடிவுன்னு மட்டும் உங்க பேர்ல போடுங்க, அது போதும்."

எல்லோரும் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். இவ்வளவு நேரம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த மச்சான், போனால் போகிறது என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

தம்பி அக்காவின் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், அங்கே நின்று திரும்பினாள்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட நீயே சொல்லு," என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."