கிடங்கு இணைப்பு

அந்தப் பச்சை விளக்கு எரியவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஜன்னலே இல்லாத சர்வர் அறையில், குளிர்காற்றோடு கலந்து வரும் சூடான பிளாஸ்டிக் வாடைக்கும் ஒரே சுருதியில் இரையும் மின்விசிறிகளுக்கும் நடுவே, நெட்வொர்க் இன்ஜினியர் தனியாக நின்று அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கு அலுவலகத்துக்குப் போகிற இணைப்பு அது. இங்கே ஒரு ரௌட்டர், அங்கே ஒரு ரௌட்டர், நடுவில் ஒரே ஒரு கம்பி. பத்து நொடிக்கு ஒருமுறை இது 'இருக்கிறாயா?' என்று கேட்கும். அது 'இருக்கிறேன்' என்று சொல்லும். ஆனால் கிடங்கைக் காலி செய்து ஒரு வாரம் ஆகிறது. அங்கிருந்த ரௌட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தவரே அவர்தான். இதோ, பவர் கேபிள்கூட இல்லாமல் மேஜைமேல் சிவனே என்று கிடக்கிறது.

கேட்ட கேள்வியே எங்காவது முட்டித் திரும்பி வருகிறதோ? அப்படியானால் கேள்வியோடு போன இந்த ரௌட்டரின் அடையாள எண்ணும் அப்படியே திரும்பி வரவேண்டும். பதிவைத் திறந்து பார்த்தார். வந்த எண் வேறு. யாரோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வரியை இரண்டு முறை படித்தார். மறுமுனை உள்ளே நுழைந்திருந்தது அவருடைய பெயரில்.

தப்பு அவருடையதுதான். இணைப்புக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் வைக்கச் சோம்பல்பட்டு, இந்தக் கட்டடத்தின் கதவுகளைத் திறக்கும் கார்டிலும் இருக்கிற தன் சொந்தப் பெயரையும், மகளின் பிறந்தநாளான பாஸ்வேர்டையும் சோதனைக்காகக் கொடுத்து வைத்திருந்தார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டார்.

இணைப்பை மூடும் கட்டளையை அடித்தார். விளக்கு அணைந்தது. அப்பாடா! மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இப்போதே கிளம்பினால்தான் சரியாக இருக்கும். பையை மாட்டிக்கொண்டு கதவில் கார்டை வைத்தார்.

சிவப்பு. மறுபடி வைத்தார். சிவப்பு.

கதவின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. 'இந்த நபர் 2.38-க்கு வெளியேறிவிட்டார்.'

அவர் கட்டளை அடித்த அதே நிமிடம். வெளியே போன கார்டு, உள்ளே வராமல் இன்னொரு முறை வெளியே போக முடியாது. கார்டை இரவல் கொடுக்கிறவர்களைப் பிடிக்க அந்த விதியைப் போட்ட புத்திசாலியும் அவர்தான்.

முதுகுக்குப் பின்னால் மறுபடி பச்சை. ஓடிப்போய் கம்பியைப் பிடுங்கினார். கம்பி கையில் இருந்தது. விளக்கு எரிந்தது.

கதவைத் தட்டினார், கத்தினார். செல்போனில் சிக்னல் இல்லை. மேஜை போனில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டு எண்ணை அழுத்தும்போது மணி மூன்றே கால். மனைவி எடுத்தாள்.

"நான்தாம்மா. சர்வர் ரூம்ல மாட்டிக்கிட்டேன். யாரையாவது அனுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லு."

"யாருங்க நீங்க? அவர் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. பாப்பாவுக்கு ஷூ மாட்டிவிட்டுட்டு இருக்கார்."

"அய்யோ, அது நான் இல்லம்மா! பாப்பாவை அவன்கூட அனுப்பாதே!"

"என்னங்க, இங்க வாங்களேன். யாரோ உங்க குரல்லயே பேசறாங்க."

காலடிச் சத்தம். ரிசீவர் கை மாறியது. அவருடைய குரல், அவர் மகளைத் தூங்கவைக்கும்போது பேசுகிற அதே மெல்லிய குரல், அவரிடமே கேட்டது.

"இருக்கியா?"

பல்லைக் கடித்தார். வாயைக் கையால் பொத்தினார். முடியவில்லை.

"இருக்கேன்" என்றது அவர் வாய்.

அறை விளக்குகள் அணைந்தன. ஆள் நடமாட்டம் இருந்தால் தானாக எரிகிற விளக்குகள். ரிசீவரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். குதித்தார். இருட்டு. ஒரே ஒரு பச்சைப் புள்ளி.

தொங்கிய ரிசீவரிலிருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பா, போலாமா?"

கதவு சாத்தும் சத்தம்.

பத்து நொடி.

"இருக்கியா?"

"இருக்கேன்."