ஒரு விரற்கடை உயரம்

"என் ஸ்டூல் எங்க?"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த வேகத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கம் இல்லை, மன்னிக்கணும் இல்லை... நேராகச் சண்டைதான்.

வட்டமாக உட்கார்ந்திருந்த பதினோரு ஆண்களும் ஒரு டாக்டரம்மாவும் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது ஆண் மட்டும் திரும்பவில்லை. ஸ்டூல் அவனுக்கு அடியில் இருந்தது.

அது சாதாரண ஸ்டூல் இல்லை. சக்கரம் வைத்தது, திருகினால் உயரும், தாழும். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் செயற்கைக்கால் செய்கிற பட்டறை அவளுடையது. அந்த ஸ்டூல் இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி. ஆனால் செவ்வாய்க்கிழமை நாலு மணி ஆனால் போதும், அது மாயமாகிவிடும். போரில் அடிபட்டு வந்தவர்களை உட்காரவைத்து, மனநல டாக்டரம்மா பழைய கிரேக்க இலக்கியம் வாசித்துக் காட்டுவார். போர் என்றால் என்ன, தலைமை என்றால் என்ன என்று விவாதம் நடக்கும். நாற்காலி பற்றாமல் போனால் யாராவது பட்டறைக்குள் கையை விட்டுவிடுவார்கள்.

"சார், எழுந்திரிங்க. இது பட்டறை சாமான்."

"எழுந்திரிக்கலாம்தான்... ஆனா கால் அங்க இருக்கே."

அவன் காட்டிய பக்கம் பார்த்தாள். சுவரோரம் ஷூவோடு சாய்ந்து நின்றது ஒரு கால். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அவள் செய்த கால்! அளவு மட்டும் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து தாளில் எழுதி வந்தது. ஆளைப் பார்க்காமலே செய்து, பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் வார்டுக்கு அனுப்பியிருந்தாள்.

"அதை ஏன் கழட்டி வெச்சிருக்கீங்க?"

"அது யாரோட காலோ தெரியல மேடம். என்னோடது இல்ல."

"அதைச் செஞ்சது நான்."

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்போதுதான் அவன் திரும்பினான். பல நாள் சரியாகத் தூங்காத கண்கள்... ஆனால் ஓரத்தில் ஒரு குறும்பு மட்டும் விழித்துக்கொண்டே இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அப்போ உங்களோடதான் நான் சண்டை போடணும்" என்றான் அவன், ரொம்ப மரியாதையாக.

"தாராளமா... வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. ஸ்டூலும் அங்கதான் இருக்கும்!"

"அஞ்சே நிமிஷம் பொறும்மா, இந்தப் பகுதி முடியட்டும்" என்றார் டாக்டரம்மா. முணுமுணுத்துக்கொண்டே கதவில் சாய்ந்து நின்றாள்.

கதை இதுதான். கிரேக்கப் படை ஒன்று கப்பலில் போருக்குப் போகிறது. வழியில் அந்தப் படையின் சிறந்த வில்லாளிக்குக் காலில் பாம்பு கடித்துப் புண்ணாகிவிடுகிறது. வலியில் அவன் கத்துகிற கத்தல் யாருக்கும் பொறுக்கவில்லை. தலைவர்கள் கூடிப் பேசி, ஆளில்லாத தீவில் அவனைத் தூங்கும்போது இறக்கிவிட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பத்து வருஷம்...

"தலைவர்கள் செஞ்சது சரியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒருத்தனுக்காக மொத்தப் படையும் நிக்க முடியுமா?" என்றார் மீசைக்கார சார்ஜென்ட்.

"அப்போ உங்களையும் தீவுல விட்டிருக்கணும்" என்றது இன்னொரு குரல். சிரிப்பு. ஸ்டூலில் இருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்து வருஷமா அவன் யார்கூடப் பேசினான்?"

கேட்டது தான்தான் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். முகம் சூடாகிவிட்டது.

"பாறைகூட" என்றான் அவன் மெல்ல. "வேற யாரு இருக்கா அங்க?"

அன்று வீடு திரும்பி ஒற்றை அறையைத் திறந்ததும் வழக்கம்போல ரேடியோவிடம், "நான் வந்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது. அம்மா அண்ணன் வீட்டோடு. ஞாயிற்றுக்கிழமை போன் வரும், "சாப்பிட்டியா? உடம்பு எப்படி இருக்கு?" என்பதோடு முடிந்துவிடும். ஊரில் பாதிப் பேரை நடக்கவைத்தவள்தான். நடந்து அவளைத் தேடி வர ஓர் ஆளில்லை.

வியாழக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவன் வந்துவிட்டான். எல்லோரும் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

"நில்லுங்க."

நின்றான். இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்துப் பார்த்தாள். மட்டப்பலகை வைத்த மாதிரி ஒரே கோடு.

"பாருங்க, இம்மி பிசகல. என் கால்ல குறை சொல்ல வந்துட்டீங்களே!"

"நிக்கிறப்போ ஒண்ணும் இல்ல மேடம். நடந்தா ஒவ்வொரு அடியும் படி ஏறுற மாதிரி இருக்கு."

"பழகிடும்."

"யாரு பழகணும்? நானா, காலா?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. அந்த வாரம் உள்ளே வைக்கிற மெத்தையை மாற்றினாள். அடுத்த வாரம் காலைக் கட்டுகிற தோல்வாரை மாற்றினாள். கால் சரியாகவில்லை... ஆனால் வியாழக்கிழமைகள் நீண்டுகொண்டே போயின. அவன் செவ்வாய்க்கிழமைக் கதையை அவளுக்கு மறுபடி சொல்வான். தீவில் அவனை விட்டுப் போன படைக்கு, அந்த வில்லாளியின் வில் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று பத்து வருஷம் கழித்துத் தெரியவருகிறதாம். வில்லை வாங்கி வர ஒரு நல்ல பையனை, பொய் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்களாம்.

"நேர்ல வந்து, 'தப்புப் பண்ணிட்டோம், வா'ன்னு கூப்பிட்டா என்னவாம்?"

"அதான் மேடம் தலைவர்களுக்கு வராதே" என்றான். "நாக்கு புரளாது."

பட்டறையில் அவளோடு வேலை செய்கிற, எந்திரத்தில் பாலிஷ் போடுகிற அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன தங்கச்சி, எல்லாருக்கும் ரெண்டு ட்ரையல், இவருக்கு மட்டும் தொடர்கதையா?"

"உங்க வேலையைப் பாருங்கண்ணே."

மூன்றாவது வியாழக்கிழமை. நல்ல மழை. அவள் குழாயடியில் பிளாஸ்டர் மாவு படிந்த கையைக் கழுவிவிட்டு வந்தபோது, அவன் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் புரண்டுபோன குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிப்பு. அவள் வந்தது தெரியவில்லை. தோள் தொய்ந்து, மூச்சு இளகி, சும்மா ஓர் ஆள் நிற்கிற மாதிரி நின்றான்.

அவள் கண் இடுப்புக்குப் போனது. அவள் செய்த கால் பக்கம் இடுப்பு ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது!

"கேப்டன்... நில்லுங்க" என்றாள் சந்தேகத்தோடு.

விருட்டென்று நிமிர்ந்தான். நெஞ்சு விரிந்தது, தோள் ஏறியது, நல்ல கால் இறுகியது. இடுப்பு மட்டமாகிவிட்டது.

அடக் கடவுளே! பட்டாளத்துக்காரனிடம் 'நில்லுங்க' என்றால் அணிவகுப்பில் நிற்கிற மாதிரிதானே நிற்பான்? தாளில் அளவு எழுதி அனுப்பிய ஆளும் அந்த விறைப்பைத்தான் அளந்திருக்கிறார். மற்றவர்களைப் பேசவைத்து, நடக்கவைத்து, உடம்பு தளர்ந்த பிறகுதான் அவள் அளவு பார்ப்பாள். இவனிடம் ரோஷம் பிடித்துக்கொண்டு அதை மறந்துபோனாள். செயற்கைக்காலின் உள்ளே இருக்கிற குழாயில் ஒரு விரற்கடை அறுத்தால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், "இது சரியாயிடுச்சுன்னா அப்புறம் நான் வர வேண்டியதில்ல, இல்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

மழைச் சத்தம்... பாலிஷ் எந்திரத்தின் சத்தம்... அவளுடைய ஒற்றை அறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இன்னும் ரெண்டு மூணு தடவை பார்க்க வேண்டியிருக்கும்" என்றாள்.

அடுத்த வியாழன் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

"என் ஆளு ஒருத்தன். இருபத்திரண்டு வயசு. வயித்துல அடி. மத்த ஆறு பேரைக் காப்பாத்தணும்னு, அவனை அங்கயே விட்டுட்டுப் பின்வாங்கச் சொன்னேன். 'இதோ வந்துடறேண்டா'ன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். ஆறு பேரையும் சேர்த்துட்டுத் திரும்பிப் போனேன். போற வழியிலதான் கால் போச்சு. நான் போய்ச் சேரவே இல்ல மேடம்."

அவள் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது.

"இது அவனோட அப்பா எழுதினது. ஒரே ஒரு கேள்வி. 'கடைசி நேரத்துல என் பையன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?' எட்டு மாசமா பதில் போடல."

"நேர்ல போய்ச் சொல்லலாமே..."

"போகணும். ஆனா ஊன்றுகோலோட, நொண்டிக்கிட்டுப் போனா அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார். என்னைத் திட்ட வேண்டியவர் திட்டாம விட்டுடுவார். நேரா நடந்து போய் நிக்கணும். அதுக்குத்தான் இந்தக் கால் சரியாகணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

அன்று அவள் ரேடியோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது. எங்கேயோ ஒரு தகப்பன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்... இங்கே ஒருத்தி, தனக்கு வியாழக்கிழமை வேண்டும் என்பதற்காக அவரைக் காக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்டுக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் போன் எடுத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்டூல் காணாமல் போகவில்லை. அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

கதை முடியப் போகிற இடம். பொய் சொல்லி வில்லை வாங்கிவிட்டான் அந்தப் பையன். கப்பல் காத்திருக்கிறது. ஆனால் அவனால் போக முடியவில்லை. தலைவன் தடுத்தும் கேட்காமல் திரும்பி வந்து, எல்லாவற்றையும் சொல்லி, வில்லை வில்லாளியின் கையிலேயே கொடுத்துவிடுகிறான்.

"ஏன் கொடுத்தான்? வில்தான் கிடைச்சாச்சே?" என்றார் டாக்டரம்மா.

கேப்டன்தான் சொன்னான். "வில்லாளி வலியில துடிக்கிறதைப் பக்கத்துல இருந்து பார்த்துட்டான் டாக்டர். அதுக்கப்புறமும் பொய்யைக் கையில வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா?"

அவள் எழுந்தாள். வட்டத்தின் நடுவே நடந்து போய் அவன் முன்னால் நின்றாள். "கேப்டன், பட்டறைக்கு வாங்க. இப்பவே."

குழாயைக் கழற்றினாள். குறி போட்டாள். அறுத்தாள். அளவை மறுபடி மறுபடி சரிபார்த்ததில் அரை மணி நேர வேலைக்கு முக்கால் மணி ஆனது. "நடங்க" என்றாள்.

ஓர் அடி... இரண்டு... பட்டறையின் அந்தக் கோடிவரை போனான். திரும்பினான். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"மேடம்! படியே இல்ல! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பன்னிரண்டு நாள் முன்னாடியே தெரியும்."

சிரிப்பு மெல்ல இறங்கியது. "தெரிஞ்சுமா சொல்லல?"

"ஆமா..."

"ஏன்?"

பாலிஷ் அண்ணன் சத்தம் போடாமல் எந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

"சரியாயிட்டா நீங்க வர மாட்டீங்களே..." கண்ணீர் கன்னத்தில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை. "தனியா இருந்து பழகிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் கேப்டன். பழகல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்காக உங்களை நொண்டவிட்டேன். அந்தப் பெரியவரையும் காக்கவெச்சேன். மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

அவன் கடிதம் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு நடந்து போனான். கொஞ்சமும் நொண்டாமல் போனான். அவள் செய்த வேலை அத்தனை சுத்தம்.

அந்த வியாழன் வந்தது, அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வட்டத்தில் அவன் இடம் காலி. அடுத்த வியாழனும் போனது, அடுத்த செவ்வாயும் போனது. அவள் வேலை செய்தாள், வீட்டுக்குப் போனாள், வந்தாள். "விடு தங்கச்சி" என்றார் பாலிஷ் அண்ணன். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டாளா?

அதற்கடுத்த வியாழன். பத்து அடிக்க ஐந்து நிமிஷம். நடைவழியில் காலடி கேட்டது. வலது, இடது... இரண்டும் ஒரே சத்தம். நடையைக் கேட்டே யாருடைய கால் என்று சொல்லிவிடுகிறவள் அவள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"போயிட்டு வந்தேன்" என்றான் வாசலிலேயே நின்று. நனைந்திருந்தான். "அவர்கிட்ட சொல்லிட்டேன். 'யாரும் இல்ல ஐயா, தனியாத்தான் இருந்தான். வரேன்னு சொன்ன நான் போய்ச் சேரல'ன்னு."

"திட்டினாரா?"

"இல்ல. மன்னிச்சுட்டேன்னும் சொல்லல. ரொம்ப நேரம் அழுதார். நான் கிளம்பலாம்னு திரும்பினேன். 'எங்க போற? உண்மையைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தவனை வாசல்லயே அனுப்பிட முடியுமா? உள்ள வந்து உட்காரு'ன்னார். ரெண்டு நாள் அங்கயே இருந்தேன். பையனோட சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னார்."

நனைந்த முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரே நினைப்புதான் மேடம். நான் தப்பைச் சொல்லப் போன இடத்துல எனக்கு உட்கார இடம் கிடைச்சுது. நீங்க சொன்னப்போ... நான் உங்களைத் தீவுல விட்டுட்டுப் போயிட்டேன்."

அவள் காலால் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள். சக்கரம் கடகடவென்று உருண்டு அவன் முன்னால் போய் நின்றது.

"உட்காருங்க... நனைஞ்சிருக்கீங்க."

"நீங்க உட்காருங்க. என்னால நிக்க முடியும். நீங்க செஞ்ச காலாச்சே." அவன் கண்ணோரத்துக் குறும்பு திரும்பி வந்திருந்தது. "எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஸ்டூலுக்குச் சண்டை போட வந்தீங்களே, அன்னியிலிருந்து. கால்ல எந்தக் குறையும் இல்ல. இருந்தாலும் நான் வருவேன். வியாழன் மட்டும் இல்ல... தினமும் வருவேன். வரலாமா?"

"வாங்க" என்றாள் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே.

பழக்க தோஷம்... அப்போதும் அவள் கண் அவன் இடுப்பு மட்டத்துக்குப் போனது. தோள் தொய்ந்து, மூச்சு இளகி, ஜன்னலோரம் அன்று நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தான். இம்மி பிசகாமல் இருந்தது.